வாளியில் ஊறும் பேன்ட்டுகள்

ஜாஸ்மின் அப்பாவுக்கு,

நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். அடுப்பு மேல இட்லி கீது, சாம்பாரைச் சுட வெச்சுக்குங்க.

பத்து மணிக்கு நர்ஸம்மா கொரோனா ஊசியோட வூட்டுக்கே வர்றாங்க. போன வாட்டி மாதிரி பின்வாசல் வழியா ஓட முடியாது. உங்க பேன்ட் எல்லாத்தையும் வாளியில ஊறப் போட்டுட்டேன். லுங்கியோட படப்பை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடணும்னா ஓடுங்க, ஊரே பார்க்கட்டும்.

கம்பெனியில ஒரு போல்ட்டைக்கூட அளந்து பார்க்காம விடமாட்டீங்க. வாட்ஸ்அப்புல வர்றதை மட்டும் அப்படியே முழுங்குறீங்க. ராத்திரி ஊசி வேணாம்னு நீங்க கத்துனதுக்கு இதுதான் பதில்.

பெனிட்டா

இன்னொண்ணு: ஊசி போட்டவங்க ரெண்டு வருஷத்துல செத்துப் போய்டுவாங்கன்னு சொன்னீங்களே, நான் நேத்தே போட்டுக்கினேன். கை வலிக்குது, பேன்ட்டை நீங்களே துவைச்சுடுங்க. நான் போனப்புறம் தனியா இன்னா பண்ணுவீங்க? நீங்களும் போட்டுக்கினு என்கூடவே வந்துடுங்க.