ஆட்டு ரோமத்துப் பிசுக்கு

கரமனையில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குக் கிளம்புமுன், மங்கலம் கணவர் தாணுவுக்கு ஒரு சீட்டு எழுதினாள். முகச் சுருக்கத்துக்கு அவள் வாங்கிய கிரீமில் ஆட்டுக் கொழுப்பு இருப்பதாக யாரோ சொல்ல, சைவக்காரரான அவர் டப்பாவைக் கிணற்றடிக்குக் கடத்திவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"அத்தானுக்கு,

சோறும் புளிக்கறியும் அடுக்களையில மூடி வச்சிருக்கு. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு எலிசாள்ட்ட குடுங்க.

மருந்துக்கடையில கேட்டுட்டேன். கிரீம்ல சேர்த்திருக்க லானோலின்னா ஆட்டு ரோமத்துப் பிசுக்கு. ரோமத்தைக் கத்தரிச்சுக் கழுவும்போது எடுக்கது. கொழுப்பு இல்ல. அதில உள்ள கிளிசரின் தோல்ல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், லானோலின் அதை வெளிய விடாது. தோல் மெதுவாகும், அவ்வளவுதான். வயசு குறையும்னு டப்பாவில போட்டிருக்கது சும்மா.

மங்கலம்."

எழுதி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடியில் இடுக்கி எழுதினாள்:

"உங்க கால்வெடிப்புக் களிம்பிலயும் லானோலின்தான். அதையும் கிணத்தடியில வைக்கவா?

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. பேசாட்டாலும் கூட நடந்தாப் போதும்."

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தாணு நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அந்த ஆட்டுக்கு நெசமாட்டு ஒண்ணும் ஆகாதுல்லா?"