ஐந்து நாற்பத்தேழுக்கு ஓர் இருமல்

அறிவிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. என் கணவரைத் தெரியும். பதினோரு வருடமாக மாதம் தவறாமல் உங்கள் வானொலி நிலையத்துக்குப் பச்சை மையில் கடிதம் எழுதுகிறாரே, மர அறுவை மில்லில் வேலை பார்ப்பவர், அவரேதான். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. உங்கள் நலத்தை அவர் ஒவ்வொரு கடிதத்திலும் தவறாமல் விசாரித்துவிடுவதால் நான் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மீடியம் வேவில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. என்ன கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதிப் போடுவார். அவர்கள் சரிபார்த்து, ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாண ஆல்பம் அந்த அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.

உங்கள் தமிழ் ஒலிபரப்பு இங்கே விடிவதற்கு முன் அரை மணி நேரம்தான் கேட்குமாம். அந்த அரை மணி நேரமும் எங்கள் வீட்டில் ஊரடங்கு. ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார். டியூப் லைட் கூடாது. என் தையல் மெஷின் மோட்டாரைத் தொடவே கூடாது. எல்லாம் ரேடியோவில் கரகரவென்று வருமாம். நான் தையல்காரி, காலையில்தான் எனக்கு வேலை ஓடும். இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் நிலைக்கண்ணாடி இருந்த இடத்தில் இப்போது கம்பி சுற்றிய மரச்சட்டம் ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஆண்டெனாவாம். அதை உங்கள் ஊர் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் தபாலில் சேர்க்கச் சொல்லி ஒரு உறையைக் கொடுத்தார். பசை காயவில்லை. எடுத்துப் படித்துவிட்டேன். தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. "ஐந்து நாற்பத்தேழுக்கு அறிவிப்பாளர் லேசாக இருமினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தாள் புரட்டும் ஓசை. குரலில் சற்றுக் களைப்பு தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தார்.

போன மழைக்காலத்தில் நான் பதினேழு நாள் இருமினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரி மருந்து கொண்டுவந்து கொடுத்தாள். இவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏதோ கரகரன்னு வருதே, ஃபிரிட்ஜை அணைச்சியா இல்லையா?" என்று கேட்டார்.

பழைய மூக்குக்கண்ணாடியை மாற்றிப் புதுசு போட்டேன், அதையும் பார்க்கவில்லை. நான் பேசினால் பாதி நேரம் பதிலே இல்லை. எங்கள் மகளிடம் போனில் சொன்னால், "அம்மா, போயும் போயும் ஒரு ரேடியோ மேல பொறாமைப்படுறியா?" என்று சிரிக்கிறாள். ரேடியோ மேல் இல்லை. உங்கள் மேல்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கடிதத்துக்கு அட்டை அனுப்பாதீர்கள். வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேயர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு இருப்பது இவர் ஒருவர்.

இப்படிக்கு,
பச்சை மைக்காரரின் மனைவி


சகோதரிக்கு,

உங்கள் பதில் 'பச்சை மைக்காரரின் மனைவிக்கு' என்று தனி உறையில் வந்தது. எனக்கென்று வெளிநாட்டுத் தபால் வருவது இதுதான் முதல் தடவை. தபால்காரர் இரண்டு முறை விலாசத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பே அவருக்கு உங்கள் நிலையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. "தாங்கள் எழுதிய விவரங்கள் அன்றைய நிகழ்ச்சியோடு பொருந்தவில்லை, உறுதிப்படுத்த இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று. இத்தனை வருடத்தில் எந்த நிலையமும் அவர் எழுதியதைத் தள்ளியது கிடையாது. கடிதத்தை நாலு தடவை படித்தார். ரேடியோ மேல் ஒரு தலையணை உறையைப் போட்டு மூடினார். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வேலைக்குப் போனார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். மறுநாள் விடிகாலையிலேயே எழுந்து டியூப் லைட்டைப் போட்டு, மெஷினை ஓட்டி, மூன்று சட்டைக்குக் காலர் வைத்தேன். நான்காவது நாள்தான் மனசு குத்த ஆரம்பித்தது. என் பேச்சைக் கேட்டு நீங்கள் வேண்டுமென்றே தள்ளிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மனுஷன் இருட்டு அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெயித்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. என் கடிதம் கிடைப்பதற்கு முன்பே அதைத் தள்ள வேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடமாகவே அவர் எழுதுவதில் பாதி தப்பாக இருந்ததாம். பழகிய கையெழுத்து என்பதால் நீங்கள் கண்டுகொள்ளாமல் அட்டை அனுப்பிவந்தீர்களாம். இந்த முறை ஒன்றுகூடச் சரியில்லை, அந்த வாரம் நீங்கள் விடுமுறையில் இருந்தீர்கள், நிகழ்ச்சியை நடத்தியது ஒரு ஆண் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான் சகோதரி. நீங்கள் இல்லாத நாளில்கூட உங்கள் குரலைக் கேட்டிருக்கிறார். பக்கத்து அறையில் இருக்கிற நான் கூப்பிட்டால் கேட்பதில்லை. வயிறு எரிய எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒரு நிமிடம் தள்ளிக் கேட்டால்கூட அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறவர். அதனால் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். "எனக்கும் ஒரு நாள் கேக்கணும், ஸ்பீக்கர்ல வைங்க" என்றேன். முப்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தலையணை உறையை எடுத்தார். எனக்கு நல்ல நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மரச்சட்டத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார்.

ஐந்து நாற்பதுக்கு நீங்கள் வந்தீர்கள். அலை அடிப்பதுபோல் ஏறி இறங்கினாலும் எனக்கு நன்றாகவே புரிந்தது. தேனீ வளர்ப்பவர் ஒருவரோடு பேசினீர்கள். பெட்டியைத் திறக்கும்போது ஏன் புகை போடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுவும் எரிச்சல்தான்.

இவர் ஒலியைக் கடைசி வரைக்கும் திருகி வைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். "மீனவர் ஒருவருடன் உரையாடல். படகில் புகை வந்தது பற்றி" என்று எழுதியிருந்தார். தேனீ என்ற சொல் பத்துப் பதினைந்து தடவை வந்தது சகோதரி. ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை. ஏறி இறங்குகிற இரைச்சலில் அகப்பட்ட ஒன்றிரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மிச்சத்தை அவர் மனசு கட்டியிருக்கிறது. எழுதி முடித்துவிட்டு, "இன்னிக்கு அருமையா வந்துச்சுல்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம் என்றேன்.

அன்றைக்குக் காலையில் அவர் பல் துலக்கும்போது பின்னால் நின்று "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பி, "எப்ப வந்தே?" என்றார். ஒரு வருடமாக இவர் என்னை அலட்சியம் செய்கிறார் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு அப்படி ஒரு கடிதமும் எழுதினேனே. வெட்கமாக இருக்கிறது.

மில்லுக்குப் போய் அவரோடு வேலை பார்ப்பவரிடம் விசாரித்தேன். ரம்பம் ஓடும் சத்தம் மாறுவதை வைத்துத்தான் கட்டைக்குள் ஆணி ஏதாவது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்துவார்களாம். முன்பெல்லாம் சந்தேகம் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். போன மாதம் இவர் நிறுத்தவில்லை. ரம்பத்தின் பல் ஒன்று தெறித்து இவர் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நின்றிருக்கிறது. "கம்பியில மாட்டிக்கிச்சு" என்று வீட்டில் சொன்னார். நானும் நம்பி அந்தக் கிழிசலை உட்கார்ந்து தைத்தேன். நாலு விரல் தள்ளியிருந்தால் நான் எதைத் தைத்திருப்பேன்?

காது டாக்டரிடம் போகலாம் என்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எனக்கு எத்தனையாயிரம் மைல் தூரத்துல பேசுறது கேக்குது. நீதான் முணுமுணுன்னு பேசுற" என்கிறார். உங்கள் அட்டைகளைக் காட்டுகிறார். நீங்கள் இரக்கப்பட்டுப் போன வருடம் முழுக்க அனுப்பினீர்களே, அவைதான் அவருக்குச் சாட்சி. மகள் சொன்னாள், கேட்கவில்லை. மில் முதலாளியிடம் நான் சொன்னால் வேலை போய்விடும், அதோடு அவரும் உடைந்துவிடுவார்.

அதனால், யாரிடம் கேட்கவே கூடாது என்று இருந்தேனோ அவரிடமே கேட்கிறேன். மீனவர் கடிதம் நாளை தபாலில் கிளம்பும். நான்தான் சேர்க்கப்போகிறேன், பிரிக்க மாட்டேன். அதைத் தள்ளிவிடுங்கள். இரக்கம் வேண்டாம். தள்ளிவிட்டு, அச்சடித்த காகிதத்தில் இல்லாமல் உங்கள் கைப்பட ஒரு வரி எழுதுங்கள். காதைப் பரிசோதித்துக்கொண்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன் என்று. காத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது இருந்தால்தான் போவார். நான் இதைச் சொன்னால் நச்சரிப்பு. நீங்கள் எழுதினால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புவார். எனக்குத் தெரியும்.

நீங்களும் ஒரு பெண், இதைக் கேட்க எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் முழுசாக வீடு திரும்பினால் போதும், திரும்பி உங்களைத்தான் கேட்பார் என்றாலும் பரவாயில்லை. நான் விளக்கை அணைத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி