கடைசியாக அளந்த காயில்

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை. அம்மா உன் போனுக்குக் காத்துக் கிடக்கிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நம் மோட்டார் பட்டறையில் நீ விட்டுப்போன தடை அளக்கும் பெட்டியைப் போன வாரம் பிரித்தேன். மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச் சுருளுக்குள், அந்தக் காயிலுக்குள், மாறாமல் ஒரு ஆம்பியர் கரண்ட் அனுப்பும், வோல்ட்டேஜைப் பார்த்தே தடையைச் சொல்லிவிடலாம் என்று பீற்றிக்கொண்டாயே, அதேதான். அதை நம்பித்தானே, உன் அத்தான் சுற்றிய ஆறு மோட்டாரிலும் மூன்றாவது காயிலில் தடை குறைகிறது, கம்பி குறைவு என்றாய்? எல்லார் முன்னாலும், "மிச்சக் கம்பிய எங்க வித்தீங்க அத்தான்?" என்று கேட்டாய். அன்றைக்குப் பட்டறையை விட்டு இறங்கிய என் வீட்டுக்காரர், இப்போது கிடங்கில் மூட்டை தூக்குகிறார்.

உன் பெட்டியில் கரண்டை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர் அரிசி அளவுதான் இருக்கிறது. ஒரு ஆம்பியரை அது தாங்குமா? தொட்டுப் பார்த்தேன், விரல் கொப்பளித்துவிட்டது. சூடு ஏற ஏறக் கரண்ட் இறங்குகிறது. கரண்ட் இறங்கினால் நல்ல காயிலும் குறைவாகத்தான் காட்டும். நீயோ எப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்றே அளப்பவன். நான் மூன்றிலிருந்து தொடங்கினேன். கடைசியாக அளந்த ஒன்றாவது காயிலில் தடை குறைந்தது. திருட்டு அங்கே இடம் மாறிவிட்டது போலிருக்கிறது! டிவி ரிப்பேர் பார்க்கிற அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் படிப்புக்கு என்ன குறைந்திருக்கும்?

பெரிய ரெசிஸ்டர் போட்டு, சூடு இறங்க டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டில் முடுக்கி, வேறொன்று கட்டினேன். கால் மணி நேரம் ஓடியும் கரண்ட் அசையவில்லை. அந்த ஆறில் பட்டறையிலேயே கிடந்த இரண்டு மோட்டாரை அளந்தேன். மூன்று காயிலும் ஒரே தடை.

அப்பா, "விடும்மா, சின்னப் பையன்" என்கிறார். முப்பத்திரண்டு வயதில் என்ன சின்னப் பையன்?

அளவுகளை உன் அத்தானிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "மீட்டர் சொன்னாத்தான் என்னை நம்புவியா?" என்று மட்டும் கேட்டார். நீ பட்டறையில் அப்படிக் கேட்ட அன்று மாலை, அவர் குளிக்கப் போனதும், கம்பி விற்ற காசு இருக்கிறதா என்று அவருடைய பையை நான் துழாவினேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போனில் மன்னிப்புக் கேட்காதே. நேரில் வா. அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று சொல். உன் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும், தனியாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அக்கா