வாந்தி வராத வண்டி

புதூர்நாடு

அன்புள்ள மகள் கலைவாணிக்கு அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், கறவ மாடும் நல்லா இருக்குது, ஜீப்பு மட்டும் வழக்கம்போல இருமிக்கிட்டு கெடக்குது. நீ தோஹாவுல வேளைக்கு சாப்ட்டு, ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சதும் போனை நோண்டாம தூங்கி, ஒடம்ப பாத்துக்கணும்னு தெனமும் வேண்டிக்கறேன். போன்ல சொல்றத விட்டுட்டு அம்மா இன்னாத்துக்கு லெட்டர் எழுதுதுன்னு நெனப்ப. போன் வந்தா உங்கப்பா புடுங்கிக்கறாரே! வண்டி கலரு, வண்டி டயருன்னு பேசித் தீத்துட்டு எங்கிட்ட குடுக்கறப்போ டவர் போயிடுது. அதான் எழுதி, மோகன்கிட்ட குடுத்து போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்றேன். கண்ணு இப்ப பரவால்ல, எழுத்து கோணலா இருந்தா அது கண்ணால இல்ல, நான் எப்பவுமே அப்படித்தான் எழுதுவேன்.

விசயத்துக்கு வர்றேன். மாசாமாசம் கண்ணுல ஊசி போட நான் வேலூர் போகணும், மலை எறங்கறதுக்குள்ள ஜீப்புல வாந்தி எடுத்தே செத்துப் போறேன்னு, நீ எங்களுக்கு பெட்ரோலு, பேட்டரி ரெண்டுலயும் ஓடற ஹைப்ரிட் காரு வாங்கித் தர்றேன்னு சொன்ன. அந்த லோன கட்டறதுக்கு அங்கயே இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போடப் போறேன்னும் சொன்ன. காருன்னு சொன்னது உங்கப்பாவுக்கு நல்லா கேட்டுச்சு, ரெண்டு வருசம்னு சொன்னது கேக்கல. எனக்கு கேட்டுச்சு. சண்டை போட்டு இன்னா ஆகப்போவுது, திருப்பத்தூர்ல உன் மாமா பையன் மோகன் அதே மாதிரி வண்டிதான வாடகைக்கு ஓட்டறான், இந்த வாட்டி அதுல போய்ட்டு வந்து பேசிக்கலாம்னு நான்தான் அவன வரச் சொன்னேன்.

வேலூர் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலமே வந்துட்டான். சத்தமே இல்லாம வந்து நிக்குது, நம்ம ஆடுங்க நடு வழியில படுத்துக்கிட்டு அசையவே இல்ல. ஜீப்புன்னா ரெண்டு வளைவு தாண்டி வர்றப்பவே ஊருக்கே தெரியும். இதுக்கு மோகன் எறங்கி வந்து ஆட்ட தூக்கி வெச்சான். பக்கத்து வூட்டு கெங்கம்மாள் வந்து, இத்தனாம் பெரிய வண்டிக்கு உங்க வூட்டு கரண்டு பத்துமான்னு கேட்டா. கரண்டு போடவே வேணாம்க்கா, இஞ்சினும் எறக்கமும் சேந்து பேட்டரிய ரொப்பிக்கும்னு மோகன் சொன்னான், அவ நம்பல. உங்கப்பா சாவிய வாங்கிக்கிட்டு புதுமாப்ள மாதிரி ஊர ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்தினாரு. எறங்கறப்போ அது பீப் பீப்னு கத்திச்சாம், போய்ட்டு வாங்கன்னு மரியாதையா சொல்லுதுன்னு நெனச்சிக்கிட்டு உள்ள வந்து சாமை சோத்துல கை வெச்சிட்டாரு. கொஞ்ச நேரத்துல ஆளே இல்லாம வண்டி தானா உர்ருனு கெளம்பிச்சு பாரு! கெங்கம்மாள் போட்ட கூச்சல்ல எங்க மாடு கயித்த அத்துக்கிச்சு. உங்கப்பா சோத்துக் கையோட எவன்டா அதுன்னு ஓடறாரு. மோகன் வயித்த புடிச்சிக்கிட்டு சிரிக்கறான். இஞ்சின் சத்தம் இல்லன்னதும் வண்டி நின்னுடுச்சின்னு உங்கப்பா நெனச்சிட்டாரு, பட்டன அமுத்தவே இல்ல, ஏசியும் ஓடிக்கினு இருந்துருக்குது, பேட்டரி கொறஞ்சதும் அதுவே இஞ்சின போட்டுக்கிச்சாம். கெங்கம்மாள் ஒத்துக்கல, மறுநாள் விடியறதுக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாந்து டயருக்கு கீழ வெச்சிட்டா.

இப்ப உண்மைய சொல்றேன் கண்ணு, மறைக்க மாட்டேன். அந்த வண்டியில மலை எறங்குனப்போ எனக்கு வாந்தி வரல. பெட்ரோல் நாத்தமில்ல, உலுக்கல் இல்ல. எலுமிச்சம்பழம் ஒண்ண மோந்துக்கிட்டே வாந்தி கவர மடியில விரிச்சி வெச்சிருந்தேன், அப்படியே தூங்கிட்டேன். அடிவாரத்துல முழிச்சி, ஏன் வண்டிய நிறுத்திட்டீங்கன்னு கேட்டா மலையே தாண்டிடுச்சின்றாங்க. என் வயசுக்கு அந்த ரோட்டுல மரம் பூத்திருக்கறத அன்னிக்கித்தான் திரும்பி வர்றப்போ பாத்தேன். உங்கப்பா என்னப் பாத்து பாத்து சிரிச்சிக்கினே வந்தாரு. இது எவ்ளோ பெரிய சொகம்னு எனக்குத் தெரியும்.

ஆனா மோகன நான் தொளச்சி எடுத்துட்டேன். அவன் தெனம் டவுனுக்குள்ள ஓட்டறான், நின்னு நின்னு போற ரோட்டுல பெட்ரோலு பாதிதான் செலவாவுதாம், அவனுக்கு லாபம்தான். எறக்கத்துல பேட்டரி ரொம்புதாம், ஆனா நம்ம மலைக்கு பாதி வழியிலயே ரொம்பிடுது, அப்புறம் மிச்ச எறக்கம் வீண். ஏறுறப்போ மத்த வண்டி மாதிரிதான் மொனகிக்கினு குடிக்குது. வெலையோ சாதா காருக்கு மேல பல லட்சம். மாசம் ஒரு வாட்டி வேலூர் போற நமக்கு அந்த லட்சம் எப்ப திரும்பி வரும்னு கேட்டேன், தலைய சொறிஞ்சான். சும்மா நிறுத்தி வெச்சா வண்டிய உசுப்பற சின்ன பேட்டரி ஒண்ணு படுத்துக்குமாம், எலி பூந்து ஒயர கடிச்சா வேலூருக்குத்தான் இழுத்துக்கினு போகணுமாம். நம்ம வூட்டுப் பள்ளத்துல ரெண்டு எடத்துல வண்டியோட அடி இடிச்சிச்சு, உங்கப்பா தன் முட்டி இடிச்ச மாதிரி கத்துனாரு.

இதெல்லாம் விடு. வேலூர் போற அன்னிக்கெல்லாம் மோகனே வந்து கூட்டிக்கினு போறேன்றான், வாடகைய உங்கப்பா புளி வித்து குடுப்பாரு. அதே வண்டி, அதே தூக்கம். காரு நம்ம பேர்ல இருக்காது, அவ்ளோதான். வாசல்ல காரு நிக்கணும்னு உங்கப்பாவுக்கு ஆசைதான், எனக்கு நீ நிக்கணும். பலா பழுக்கறப்போ வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போன. அந்த வண்டிக்கு வெலை லட்சத்துல இல்லடி, உன் ரெண்டு வருசத்துல. அவ்ளோ வெலை குடுத்து எனக்கு எதுவும் வேணாம். நீ பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்போ, ஜீப்புல ஒரு கையில உன்னையும் ஒரு கையில கவரையும் புடிச்சிக்கினுதான் மலை ஏறுனேன். வாந்தி எடுத்து ஆரும் சாகல.

நீ வர்றப்போ ஏர்போர்ட்டுக்கு மோகன் வண்டியில நாங்களே வர்றோம். திரும்பறப்போ நான் பின்னாடி உன்கூடதான் உக்காருவேன், தூங்க மாட்டேன். ஏசி குளுருல தலைக்கு துணி கட்டிக்க, ஊசி போடறவ நீயே காய்ச்சலோட நிக்காத. எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு, நோய் நொடி இல்லாம இரு. மறுபடியும் சொல்றேன், அந்தக் காயிதத்துல கையெழுத்து போடாத.

இப்படிக்கு
உன் அம்மா மங்கம்மாள்

இத உங்கப்பாகிட்ட படிக்கக் குடுத்தேன். கோவிச்சுக்குவாருன்னு பாத்தா, ரெண்டு வருசம்னு எழுதுன எடத்த மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சிட்டு, பேனாவ வாங்கி கீழ அவரும் கையெழுத்து போட்டுட்டாரு.

கோபால்சாமி