கட்டி வைத்த கை

அண்ணி,

உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தது நான்தான். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, உங்கள் சேலைகளை யாருக்குக் கொடுப்பது என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டேன். அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் துணி, இரண்டு முழம் இருக்கும். முடிச்சுப் போட்ட இடத்தில் சுருக்கம் இன்னும் போகவில்லை. பினாயில் வாசனை அடித்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. பார்த்ததும் கண்டுகொண்டேன். நம் சின்னண்ணன் ஏகாம்பரத்தின் கையைக் கட்டி வைத்திருந்த துணி.

இத்தனை வருஷம் இதை ஏன் வைத்திருந்தீர்கள்? ஒரு நாளாவது எடுத்து என் முகத்தில் வீசியிருக்கலாமே. அழுதுகொண்டு எழுதவில்லை அண்ணி, கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

மனவளர்ச்சி குறைந்தவர் என்றெல்லாம் அப்போது நம் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள். அது சாப்பிட்டுதா, அது எங்க போச்சு. இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, முகம் நிறைய தாடி, அவருக்குப் பேர் "அது". நீங்கள் வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலை "தம்பி, காப்பி" என்று டம்ளரை நீட்டினீர்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அவருக்கு நாலைந்து வார்த்தைதான் வரும். ஆனால் தறி தெரியும். கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோர்க்கிற கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது என்பது நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? தறிக்குழியில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்கிறவர் பெரியண்ணன். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாக் கட்டையைத் தள்ளிக் கொடுக்கிறவர் சின்னண்ணன். அவர் நாடாவைத் தள்ள, பெரியண்ணன் வாங்கி உடலோடு கோர்த்துத் திருப்ப, இவர் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். அப்பா பழக்கிய வேலை அது. கரையில் ஒரு இழை பிசகினால் அவரே "ம்ஹூம்" என்று நிறுத்திவிடுவார்.

அப்படிப்பட்டவரைத்தான் என் கல்யாணத்துக்காக வீட்டை விட்டு அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் அவரைப் பார்த்துவிட்டுத் தட்டிப்போனது. அம்மாவின் தம்பி, நம் மாமா, ஜவுளிக்கடைக்காரர், தறிக்குழியில் கால் வைத்தே அறியாதவர். அவர்தான் மெட்ராஸ் பக்கம் ஒரு விடுதியை விசாரித்து வந்தார். அங்கே இவரைப் போன்றவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம், வேளைக்குச் சோறாம், டாக்டராம். "அவரு இங்க யாருக்கு என்னா இடைஞ்சல்?" என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும் என்று மாமா வாயை அடைத்தார். அம்மா அழுதாள். பெரியண்ணன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு, ஆரணியில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லித் தலைமுழுகினார்கள். தறியில் அவர் உட்கார்ந்த இடத்துக்குக் கூலிக்கு ஆள் வந்தது. நான் என்ன செய்தேன்? பூ வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் காட்சி கொடுத்தேன்.

ஓரிக்கை சம்பந்தம் கூடிவந்து, நாள் குறித்த பிறகுதான் நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் இல்லாமலா என்று. போய் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா சம்மதிக்க, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

நீளமான கூடம். சுவரோரமாக மொட்டைத் தலையோடு வரிசையாக ஆண்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல டிராயர். கடைசியில் சின்னண்ணன். மாநிறத்துக்காரர் வெளுத்துப் போயிருந்தார், கண் பாதி சொருகியிருந்தது. வலது கை ஜன்னல் கம்பியோடு இந்தத் துணியால் கட்டியிருந்தது.

அங்கிருந்த மேற்பார்வைக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அத்தனை பேருக்கும் அவர் ஒரே ஆள். நமக்கு நாற்காலி போட்டார். கைக்கு ஏதோ நோய் வந்துவிட்டதாம். நாள் பூரா வெட்டி வெட்டி இழுக்கிறதாம். பக்கத்தில் இருப்பவர்கள் மேல் படுகிறதாம். மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லையாம். அக்கறையாகத்தான் சொன்னார். நீங்களே பாருங்கள் என்று முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

கை ஓடியது. முன்னே போய், நின்று, பின்னே வந்து, முழங்கால் மேல் உட்கார்ந்தது. மறுபடி முன்னே போனது.

எனக்கும் தெரிந்தது அண்ணி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தறி வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தீர்கள். அவருக்கு இடப்பக்கம், வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். இல்லாத மிதியை மிதித்தீர்கள், இல்லாத நாடாவை வாங்கித் திருப்பினீர்கள், இல்லாத பலகையை இழுத்து அடித்தீர்கள். சின்னண்ணன் கை பதில் சொன்னது. நீங்கள் நிறுத்தினீர்கள், அவர் கை முழங்காலில் காத்திருந்தது. நீங்கள் தொடங்கினீர்கள், அதுவும் தொடங்கியது. சொருகியிருந்த கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்தார்.

"இது சீக்கு இல்லீங்க," என்றீர்கள் அந்த மனிதரிடம். "வேலை. எங்க வூட்ல கரை போடுறவரு இவரு. ஒம்பது மாசமா ஆளே இல்லாத தறியில வேலை செஞ்சிக்கினு இருந்திருக்காரு. நீங்க கையக் கட்டிட்டீங்க."

நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "கல்யாணம் முடியட்டும் அண்ணி, அப்பறமா கூட்டியாரலாம்" என்றேன். கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

"உன் முகூர்த்தப் பொடவைக்குக் கரை யாரு போடுறது?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அன்றைக்கே அவரை அழைத்து வந்துவிட்டீர்கள்.

மாமா குதித்தார். நீங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. மறுநாள் காலை தறியில் அவர் இடம் அவருக்குக் கிடைத்தது. மாத்திரையின் மயக்கம் தெளிய பத்து நாள் ஆனது. அதுவரை பெரியண்ணனும் பொறுமையாகக் காத்துக் காத்து நெய்தார். குற்ற உணர்ச்சி என்ன, லேசானதா?

கல்யாணத்தன்று அவரைப் பின்கட்டில் வைத்துப் பூட்டச் சொன்னார் மாமா. நீங்கள் புது வேட்டி கட்டிவிட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். மாப்பிள்ளையின் அத்தை அப்போதுதான் என் சேலைக் கரையைத் தடவித் தடவி மெச்சிக்கொண்டிருந்தாள். இது யாரு என்றாள். பெண்ணின் சின்னண்ணன், அந்தக் கரையைப் போட்டவர் என்றீர்கள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள் அந்த அம்மாள். கரை வேண்டுமாம், கரை போட்டவன் வேண்டாமாம். என் வீட்டுக்காரர் நெசவாளி. கரையைப் பார்த்தார், அண்ணன் கையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரை வைத்துப் பார்த்தது நீங்கள்தான். அமாவாசைக்குத் தறி ஓடாது, அன்றைக்கு அவர் தவித்துப் போவார். நீங்கள் அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், கால் ஓயும் வரை பிராகாரம் சுற்றிவிட்டு வருவீர்கள். மாதம் தவறாமல். உங்களுக்குக் காய்ச்சலாக இருந்தபோதும். ஒரு மாதமாவது நான் வந்து அழைத்துப் போயிருக்கலாம். ஓரிக்கை என்ன, சீமையிலா இருக்கிறது?

இதோ, நீங்கள் போய்ப் பதினாறு நாள். இலை எடுத்த கை காயவில்லை, மாமா ஆரம்பித்துவிட்டார். இனிமேல் யார் பார்ப்பார்கள், அந்த விடுதியில் இடம் இருக்கிறதாம், சொல்லி வைத்திருக்கிறாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியண்ணன் அன்றைக்கு உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். சின்னண்ணன் தறிப்பக்கம் தனியாக இருந்தார். கை ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய் மாமாவின் வலது மணிக்கட்டில் அந்தத் துணியைச் சுற்றினேன். பெரியவர் என்று பார்க்கவில்லை. அவர் பதறிப்போய், என்னம்மா இது என்றார். முடிச்சை இறுக்கி, ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

"சித்த நேரம் இப்பிடியே இருங்க மாமா. சின்னண்ணன் ஒம்பது மாசம் இருந்தாரு."

முடிச்சை அவிழ்க்க மாமாவுக்கு இடது கை வழங்கவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து, சின்னண்ணன் துணிமணி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

சாயங்கால பஸ்ஸில் ஓரிக்கைக்குக் கிளம்பினோம். கூட்டம். சின்னண்ணன் ஜன்னலோரம். பஸ் நகர்ந்ததும் அவர் கை ஓடத் தொடங்கியது. முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். துணி என் மடியில் பையில் இருந்தது. நான் அவருக்கு இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்தேன். இல்லாத நாடாவை வாங்கித் திருப்பி, ஊர் பார்க்க, பலகையை இழுத்து அடித்தேன். அவர் கை காத்திருந்து, எனக்கு அடுத்ததைத் தள்ளியது.