சுவர் இருந்த இடம்

ஈஜிபுரா, செவ்வாய்

என்னங்க,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பத்து முறை பார்த்துவிட்டேன். கோடையில் காட்டுத்தீயில் எரிந்த குன்றிலிருந்து இறங்கிய கறுப்புத் தண்ணீர், நம் காம்பவுண்ட் சுவர் இருந்த இடம் வழியாகவே ஏரிக்குப் போயிருக்கிறது. தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

வெந்த மண்ணில் மழை ஊறாது, பழைய குழாய் தாங்காது என்று நகராட்சி இன்ஜினியராகப் புதுக் கால்வாய்க்குப் பிளான் போட்டவள் நான்தான். இடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் முதல் சிவப்புக் கோடு நம் சுவரில்தான் போட்டேன். உங்களிடம் முன்பே சொல்லாதது என் தப்பு.

"ஊருக்கே பிளான் போடுறவளுக்கு நம்ம சுவருதான் கெடைச்சுதா?" என்று அத்தை கேட்டபோது நீங்கள் வாயே திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் வெறுங்காலோடு ஆட்டோ ஏறினேன்.

இங்கே அக்கா வீட்டில் ஒரு குறையுமில்லை. தூக்கம்தான் வரவில்லை, நேற்று அங்கே முதல் மழை பெய்து கால்வாய் தாங்கியது என்று தெரியும் வரைக்கும்.

படத்தின் மூலையில் என் செருப்பு தெரிகிறது. நனையாமல் மேல்படியில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை வந்து போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவப்புக் கோடு போட்டவள்