‘கவலைக்குரியது’ என்று அண்ணியிடம் சொன்னேன்

எதிர் மேசையில் இன்னும் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நான் நினைத்துக்கொள்ளும் அந்தோணி அண்ணனுக்கு,

உங்களுக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். முதல் வரி சரியாக வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியுமே. இன்று சரியோ தவறோ எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் காலமெல்லாம் அறிக்கை எழுதிய நம் வட்டார நாடுகளின் கூட்டமைப்பில் இரண்டு அண்டை நாடுகள் எல்லையில் பீரங்கியால் சுட்டுக்கொண்டன, அண்ணே. நம்ப முடிகிறதா? அவர்களுடைய அதிகாரிகள் நம் கூட்டங்களின் இடைவேளையில் ஒரே தட்டிலிருந்து கறிபாப் பலகாரம் எடுத்துச் சாப்பிட்டவர்கள். அந்த எல்லைக்குப் பக்கத்து ஊரில்தான் உங்கள் மகள் ஸ்டெல்லா கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள்.

செய்தி வந்த காலையில் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன். உங்கள் வீட்டுப் படி ஏறும்போது ஸ்டெல்லாவே போனில் கிடைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக் கூரை போச்சு அங்கிள். சமையல் செய்ற அக்கா செத்துட்டாங்க. பிள்ளைங்களோட ஒரு கால்வாயில ஒண்டிக்கிட்டு இருக்கேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியல." அதோடு தொடர்பு அறுந்தது.

மேரி அண்ணி ஜெபமாலையும் கையுமாக டிவி முன்னால் இருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணி, நிலைமை கவலைக்குரியதா இருக்கு. ஆனா கட்டுக்குள்ள இருக்கு."

அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்னப்ப உங்க அண்ணனும் இதேதான் சொன்னாரு. கட்டுக்குள்ள இருக்குன்னாரு. அடுத்த மாசம் அவர மாதா கோயில்ல பெட்டியில வெச்சோம். உங்க ஆபீஸ் பேச்செல்லாம் எனக்கு வேணாம்லா. எம்பொண்ணு உயிரோட இருக்காளா, இல்லியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "அந்தச் சமையக்கார அம்மா பேரு என்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை, அண்ணே.

நம் வேலை அப்படி. கூட்டறிக்கையில் யாரோ ‘கண்டனம்’ என்று எழுதுவார். இன்னொருவர் மறுப்பார். ‘ஆழ்ந்த கவலை’ என்போம். அதற்கும் ஒருவர் முகம் சுளித்தால் ‘ஆழ்ந்த’ போய்விடும். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி நிற்கும். "கணேசா, வார்த்தை சாதுவா இருந்தா எவனும் எழுந்து போக மாட்டான். எதிர்ல உக்காந்திருக்கிறவன் சுட மாட்டான்" என்பீர்கள். அதை நம்பித்தானே இருவர் தலையும் நரைத்தது? வியாபாரம், வெள்ள நிவாரணம், வீசா இல்லாத பயணம் என்று எத்தனை அறிக்கைகள்! ஸ்டெல்லா முதன்முதலில் அந்த ஊரைப் பார்க்கப் போனபோது அவளிடம் யாரும் வீசா கேட்கவில்லை. நீங்கள் எவ்வளவு பெருமைப்பட்டீர்கள்.

"சரி, உங்க கூட்டமைப்பு இப்ப என்னா செய்யும்?" என்றார் அண்ணி.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசும்."

"அவ்ளோதானா? பட்டாளம் இல்லியா?"

"இல்ல அண்ணி. அவ்ளோதான்."

இந்த முறை தலைமைப் பொறுப்பு நம் நாட்டுக்கு. இரு தரப்பும் பேச இங்கேயே வந்தார்கள். சாலைகளை மூடினார்கள். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், "மறுபடியும் ரோடு ஜேம்லா ஆன்டி, யாவாரமே படுத்துருச்சு" என்று புலம்பினார். அண்ணி விடவில்லை. "படுக்கட்டும் பாஸ். எம்பொண்ணு எழுந்து நடக்கணும்னுதான் ரோட்ட மூடியிருக்கான்!"

மறுநாள் அறிக்கையை வாசித்தார்கள். பழக்கதோஷம், வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். சுடுவதை ‘உடனே’ நிறுத்துவது என்று இருந்தது. மற்ற உறுப்பு நாடுகளிலிருந்து பார்வையாளர்கள் எல்லைக்குப் போவார்கள் என்றும் இருந்தது. பீரங்கிகள் ஓய்ந்தன. ஸ்டெல்லாவும் பிள்ளைகளும் கால்வாயிலிருந்து வெளியே வந்தார்கள். அன்று உங்களை நினைத்து அழுதேன், அண்ணே.

சில மாதங்களில் மறுபடி சுட்டார்கள். மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நாம் நம்பியது பொய்யா? பாதி உண்மையா? எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிறு உங்கள் வீட்டில் இருந்தேன். அண்ணி பூசை முடிந்து வந்ததும் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா மாதிரி உங்களுக்கும் அந்தக் கூட்டமெல்லாம் தெரியும். இந்தத் தடவையாவது பேசினது நிக்குமா? நான் கூரை போடலாமா? பிள்ளைங்கள வரச் சொல்லலாமா?"

‘நம்பிக்கையளிக்கிறது’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா. நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. சண்டை வந்தா திரும்பக் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. அது வரைக்கும் குண்டு விழும்."

ஸ்டெல்லா சொன்னாள்: "சரி அங்கிள். அப்ப முதல்ல பதுங்குகுழி வெட்டுறேன். கூரை அப்புறம்."

அண்ணே, அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வரச்சொல்லி வற்புறுத்த அண்ணிக்கும் மனமில்லை, எனக்கும் தைரியமில்லை. ஒன்று மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். அந்த எல்லையிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், அது எதுவானாலும், ரயிலேறி வந்து, வந்தபடியே அண்ணியிடம் சொல்வேன். ‘கவலைக்குரியது’ என்பது வாய் வரை வரும். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
கணேசன், கிள்ளான்